கூப்பிடாம இருக்கிறது

கூப்பிடக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டுப் போன நிமிசத்திலருந்து மாசானத்துக்குத் தொண்டை அரிக்க ஆரம்பிச்சிருச்சு. சொல்லாமப் போயிருந்தா அரிச்சிருக்காது. பல்லு விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அந்த மாதிரி நினைப்பு முழுக்கத் தொண்டையிலயே போய் நிக்குது. எச்சியை முழுங்கினான். முழுங்கின சத்தம் எதிர்ல இருக்கிற மரத்துக்குக் கேட்டிருக்குமோன்னு ஒரு பயம். மரம் ஒண்ணும் சொல்லல. ஒரு பக்கம் கந்தகப் புகை பட்டுக் கருகி, மறுபக்கம் மட்டும் இலை விட்டு நிக்கிற கிழட்டு மரம். ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல அதுல ஒரு பொந்து. பொந்தோட வாயை எச்சமும் மண்ணும் பழச்சக்கையும் குழைச்சுப் பூசி அடைச்சாச்சு, நடுவுல கத்தி சொருகுற அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் மிச்சம். உள்ள பொட்டை இருவாச்சி உக்காந்திருக்கு, பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துட்டு, குஞ்சை அணைச்சுக்கிட்டு. தன்னைத்தானே உள்ள வச்சுப் பூசிக்கிட்ட பறவை. இனிமே ஆணு காடெல்லாம் சுத்தி அத்திப்பழம் பொறுக்கிட்டு வந்து அந்த இடுக்கு வழியா ஊட்டுனாத்தான் அதுக்குச் சோறு. ஆணு வரும்போதே மரத்துக்கு அந்தப்பக்கமிருந்து "கொக்... கொக்-கொக்-கொக்"னு ஒரு குரல் குடுக்கும். உடனே உள்ளருந்து பொட்டை "கீய்ங்"கும், இடுக்குல அலகு நுனி தெரியும். முதல் கொக்குக்கும் அடுத்த கொக்குக்கும் நடுவுல ஒரு மூச்சு விடணும். அந்த மூச்சுல தப்புனா பொட்டை நம்பாது. மாசானம் தப்பினதே இல்ல. இத்தனை நாளும் மேடம் அவனைக் கூடவே உக்கார வச்சுக்கிட்டதே அதுக்குத்தான்.

போர்ட்பிளேர்ல ஒரு சரக்குப் படகுல அவன் சமையல்காரன். ஊரு திருச்செந்தூருக்குத் தெக்க, கடலோரம். சோறு வடிக்கிறது பொழப்பு, குரல் மாத்துறது புத்தி. கப்பல் சங்கு ஊதுவான், அது கடைசியில தொண்டை கட்டிப்போயி இருமுற மாதிரி முடிப்பான். துறைமுகத்துல மூணு பாஷையில அறிவிக்கிற அம்மா, மூணுலயும் ஒரே கொட்டாவியை விடுறதைச் செஞ்சு காட்டுவான். கோயில் விழா மேடையில அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்ச கூட்டத்துல ஒருத்தங்கதான் தமயந்தி மேடம். கோயமுத்தூர்க்காரங்க, பறவை ஆராய்ச்சி. அந்தமானுக்குக் கிழக்க, படகுல ஒரு ராப்பொழுது ஓடினா வர்ற இந்த எரிமலைத் தீவுல எத்தனை இருவாச்சிக் கூடு இருக்குன்னு பாக்க வந்தவங்க, சோறு பொங்க அவனையும் கூட்டிட்டு வந்தாங்க. தீவுக்கு மேப்புல ஏதோ பேரு இருக்கு, படகுக்காரங்க வச்ச பேரு அடுப்பு. உச்சியில எந்நேரமும் ஈரவிறகு வச்ச மாதிரி புகை. உக்காந்தா தரை சுடும், சுடும்னா கொதிக்காது, இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன நாற்காலி மாதிரி வெதுவெதுன்னு இருக்கும். அந்த வெதுவெதுப்புத்தான் மாசானத்துக்கு முதல் நாள்லருந்தே ஆகல. யாரு எந்திரிச்சுப் போனது? பறவைச் சத்தம் போட்டுக் காட்டி எந்தப் பொந்துலருந்து பதில் வருதுன்னு பாக்குறதுக்கு மேடம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி கொண்டாந்தாங்க. இறங்குன அன்னைக்கே அலை அடிச்சு அது உப்புத்தண்ணி குடிச்சுச் செத்துப்போச்சு. அப்பதான் சமையல்காரன் வாயைத் தொறந்தான். மேடம் அப்படியே நின்னுட்டாங்க. "ஏனுங் மாசானம், அது நீங்களாங்?" அந்த 'ங்' இருக்கே, பஞ்சுல பொதிஞ்சு வச்ச 'ங்', அதையும் அன்னைக்குச் சாயங்காலமே அவன் எடுத்துக்கிட்டான்.

இன்னைக்குக் காலையில மேடம் சொன்னதை அதே 'ங்'கோட உள்ளுக்குள்ள ஓட்டிப் பாத்தான். "இன்னைக்குக் கூப்பிட்டுப் போடாதீங் மாசானம். ஆணு தானா எத்தனை தடவை வருதுன்னு பாக்கோணும்ங். நேத்தும் முந்தாநேத்தும் நான் உக்காந்திருந்தப்ப வரவேயில்லீங்." சோத்துல ரசத்தை ஊத்திக்கிட்டே கேக்காத மாதிரி அவன் கேட்டான், ஒருவேளை ஆணு செத்துப்போச்சுன்னா உள்ள இருக்கிறது என்ன ஆகும்னு. பாவம்தானுங்னாங்க. கொஞ்ச நாள் காத்திருந்து பாக்கும், அப்புறம் சிலது தானே அலகால சுவத்தைக் கொத்தி உடைச்சுட்டு வெளிய வந்துரும், இறகு அரைகுறையா இருந்தாலும் தத்தித் தாவியாவது எதையாவது தின்னு பொழைச்சுக்கும், குஞ்சுக்கும் கொண்டாந்து குடுக்கும். சிலது வராது. மாசானம் ரசத்தை வழிய விட்டுட்டான். ஆணு இல்ல மேடம், ஆனா அதோட குரல் மட்டும் அப்பப்பக் கேட்டுக்கிட்டே இருக்குன்னு வைங்க, அப்பன்னு இழுத்தான். மேடம் சிரிச்சுட்டாங்க, உங்களை மாதிரி ஒருத்தர் வந்து உக்காந்தாவான்னு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, குரல் கேக்குற வரைக்கும் அது உடைக்காதுங், வர்றான் வர்றான்னே உள்ள கிடந்து செத்துப்போகும்ங்னாங்க. தட்டைக் கழுவப் போயிட்டாங்க. அவன் சொல்லல. சொல்லியிருக்கலாம். வாய்க்குள்ளதான் இருந்துச்சு. சோத்தோட சேத்து முழுங்கிட்டான்.

ஏன்னா ஆணை அவன் பாத்துட்டான். முந்தாநாள் சுள்ளி பொறுக்கப் போனப்ப. மேக்குச் சரிவுல ஒரு பள்ளம் இருக்கு, அதுல இறங்கவே கூடாதுன்னு மேடம் வந்த அன்னைக்கே கயிறு கட்டி வச்சிருந்தாங்க. மலையோட மூச்சு அங்க வந்து தேங்குமாம், கனமான காத்து, கண்ணுக்குத் தெரியாது, நாத்தமும் இருக்காது, இறங்குனா தூக்கம் வர்ற மாதிரி வந்து அதோட சரி. கயிறுக்கு இந்தப்பக்கம் நின்னு எட்டிப் பாத்தான். உள்ள எலி ஒண்ணு, புறா ரெண்டு, ஒரு பெரிய நண்டு, எல்லாம் தூங்குற மாதிரி. நடுவுல செம்பட்டைக் கழுத்தும் வெள்ளை வாலுமா ஆண் இருவாச்சி. பக்கத்துல அத்திப்பழம் சிதறிக் கிடந்துச்சு. உருண்டு விழுந்த பழத்தைத் தேடித்தான் இறங்கிருக்கும். ஒரு கீறல் இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. கண்ணு கூடத் தொறந்துதான் இருந்துச்சு. எந்திரிச்சுரும்னு நினைச்சான். ஏல எந்திரில, விளையாடாதல. அந்த வார்த்தையை இதுக்கு முன்னாடி எங்கயோ சொல்லிருக்கமேன்னு தோணுன உடனே திரும்பி ஓடியாந்துட்டான். ஓடியாந்து சும்மா இருந்தானா. அன்னைக்குப் பொழுது சாய இந்தப் பக்கமா வந்தவனுக்கு, உள்ளருந்து பொட்டை "கீய்ங் கீய்ங்"னு நச்சரிக்கிறது பொறுக்கல. கொக்... கொக்-கொக்-கொக். உடனே அடங்கிருச்சு. நிம்மதியா. அடங்குனதைப் பாத்து அவனுக்கும் ஒரு நிம்மதி, வெக்கங்கெட்ட நிம்மதி. நேத்தும் மேடம் போனப்புறம் கூப்பிட்டான். இடுக்குல அலகு வந்துச்சு, தொறந்து மூடுச்சு, காத்தைக் கவ்வுச்சு. மறுபடி உள்ள போயிருச்சு. அவனும் சமைக்கப் போயிட்டான்.

தலைக்கு மேல ஏதோ தடதடன்னு போச்சு, ரயில் இஞ்சின் மூச்சு விடுற மாதிரி. இருவாச்சிதான், அந்த றெக்கைச் சத்தம் வேற எதுக்கும் வராது. மாசானம் அப்படியே உறைஞ்சு உக்காந்தான். வந்துருச்சோ. அப்ப பள்ளத்துல கிடந்தது வேற யாரோ. வேற யாரோட புருசனோ. அந்தச் சத்தம் தாழ வந்து, தயங்கி, மரத்துக்கு மேலயே ஒரு வட்டம் அடிச்சு, மேட்டைத் தாண்டிப் போயிருச்சு. வேற வீட்டு ஆணு, வேற வீட்டுக்குச் சோறு கொண்டு போவுது. உள்ள இருக்கிறதுக்கும் கேட்டிருக்கு. "கீய்ங்." கொஞ்சம் பொறுத்து மறுபடி "கீய்ங்." பதில் சொல்லுன்னு தொண்டை எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். பொத்தின கையில மீன் கவுச்சி. காலையில எந்த மீனையும் தொடல. ரசம்தான் வச்சான். அப்ப எங்கருந்து வருது? கையை மோந்து பாத்தான், கந்தகம்தான். மீன் இல்ல. மீன் எப்படி வரும், அந்த மீன்பிடி லாஞ்சோட கிடங்கைக் கழுவியே எத்தனையோ மாசம் ஆச்சு, அந்த லாஞ்சையே வித்துட்டாங்களாம்.

அண்ணன் கொம்பையா அந்த லாஞ்சுலதான் வேலை பாத்தான். அவனும் போர்ட்பிளேர்தான், மாசானத்துக்கு முன்னாலயே வந்தவன், தம்பியைக் கூட்டிக்கிட்டதே அவன்தான். கல்யாணம் பண்ணிக்கல. கேட்டா, "அது கெடக்கட்டும்"பான். எதைக் கேட்டாலும் ஒரு செருமல், அப்புறம் "அது கெடக்கட்டும்". போன மழைக்கு முன்னால, கடலுக்குப் போயிட்டு வந்து நின்ன லாஞ்சோட மீன் கிடங்கைக் கழுவ இறங்குனான். அடியில பழைய மீன் அழுகி, மூடி வச்ச இடத்துல காத்து கெட்டுக் கிடந்துச்சு. இறங்குனவன் ஏறல. மாசானத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனப்ப மேல் தளத்துல படுக்க வச்சிருந்தாங்க. ஒரு கீறல் இல்ல. ஏல எந்திரில, விளையாடாதல. கொள்ளி வச்சது மாசானம்தான், அங்கயே. ஊருக்குக் கொண்டு போக வழியில்ல. ஊர்ல அம்மாவுக்கு அப்பத்தான் நெஞ்சுல ஸ்பிரிங் வச்சு ஆஸ்பத்திரியிலருந்து கூட்டியாந்திருந்தாங்க. அக்கா பூவம்மா போன்ல அழுது முடிச்சுட்டு, மூக்கைச் சிந்திட்டு, முதல்ல சொன்னதே அதுதான்: "அம்மாகிட்ட இப்பச் சொல்லாண்டாம்ல. தாங்கமாட்டா." புண்ணு ஆறட்டும்னா. ஆறுச்சு. கோயில் கொடை முடியட்டும்னா. முடிஞ்சுச்சு. மழை ஓயட்டும்னா. மழைக்கும் அம்மாவுக்கும் என்னக்கா சம்பந்தம்னு கேட்டதுக்கு, இழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வாரவுகளுக்கு வண்டி கிடைக்கணும்லானு சொன்னா. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அத்தான், சித்தப்பா, எதிர்வீட்டு வாத்தியார், மருந்துக்கடைக்காரர் வரைக்கும். ஊரே சேந்து ஒரு கிழவியைச் சுத்திப் பூசிட்டாங்க, காத்து போறதுக்கு ஒரு இடுக்கு மட்டும் விட்டு. அந்த இடுக்கு மாசானத்தோட வாயி.

முதல் தடவை அது விளையாட்டு மாதிரிதான் வந்துச்சு. அம்மா பெரியவன்கிட்ட குடுலன்னா. இல்லைங்கிறதுக்கு வாயைத் தொறந்தவன், இந்தா குடுக்கேன்னுட்டான். போனைத் தள்ளிப் பிடிச்சான். காலைத் தரையில உரசி நாலு எட்டு நடந்து வர்ற சத்தம் குடுத்தான். ஒரு செருமல். செருமலுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு விடணும்ங்கிறதுலதான் அத்தனையும் இருக்கு, சீக்கிரம் சொன்னா பொய், தாமதிச்சா பயம். "என்னம்மா." அவ்வளவுதான். அந்தப்பக்கம் அம்மா குரல் பூத்துப்போச்சு. எய்யா, உன் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு. அப்புறம் ஞாயித்துக்கிழமைதோறும். சின்னவன் பேசுவான், நடந்து வருவான், பெரியவன் பேசுவான். சின்னப் பயலா இருக்கையிலயே அண்ணன் குரல்ல பள்ளிக்கூடத்துல "உள்ளேன் ஐயா" சொன்னவன்தான, கஷ்டமா என்ன. இந்தத் தீவுக்கு வந்தப்புறமும் நிக்கல, அண்ணனும் கூடத்தான் வந்திருக்கான்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தான். மேடம்கிட்ட சாட்டிலைட் போன் ஒண்ணு உண்டு, மேல வானம் தெரியிற இடத்துலதான் பேசும், இந்த மரத்துக்குப் பக்கத்துல லாவா ஓடி இறுகின மொட்டைப் பாறை இருக்கு, அதுலதான் நிக்கணும். போன ஞாயித்துக்கிழமை பேசி முடிச்சுத் திரும்புனா, தள்ளி நின்ன மேடம் அவனுக்குப் பின்னால யாரையோ தேடுறாங்க. "ஏனுங், இன்னொருத்தரு எங்கீங்?" வேற ஒரு குரல் பழகிப் பாக்குறேன் மேடம்னான்.  கீழ இறங்கி வர்ற வரைக்கும் அவங்க ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாங்க. அவனைப் பாக்கல. அவனுக்குப் பின்னால பாத்தாங்க.

அவனும்தான் பாக்க ஆரம்பிச்சிருந்தான். வெளிய சொல்ல முடியாத ஒண்ணு நடந்துபோச்சே. மாசி மாசம்னு நினைக்கான், அம்மா பெரியவனைக் கேட்டா, ஏ பெரியவனே, அப்பா பொட்டிச் சாவியை எங்கல வச்ச, பூவம்மா வீடெல்லாம் தேடிட்டான்னு. மாசானத்துக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லத்தான் செருமினான். செருமின வாயி, "தொழுவத்து ஓட்டுக்கு அடியில, மூணாவது கைமரத்துல சொருகிருக்கேன்மா"ன்னுச்சு. அடுத்த வாரம் அக்கா சொல்லுதா, சாவி அங்கதான் இருந்துச்சு, நீ எப்படில கண்டுபிடிச்சன்னு. சின்ன வயசுல அண்ணன் ஒளிச்சு வைக்கிறதைப் பாத்திருப்போம், மறந்திருப்போம். பாத்திருப்போம்தான். வேற எப்படி. ஆனா அதுக்கப்புறம் செருமல் கேக்காமலே வர ஆரம்பிச்சிருச்சு. வெங்காயம் உரிக்கையில. குளிக்கையில. இந்தத் தீவுல, தேங்காயை உடைக்கிற நண்டு ஒண்ணு பாத்திரத்தை இழுத்துட்டுப் போனப்ப வெரட்டிக்கிட்டு ஓடுனான், வாயில வந்த வசவு அண்ணனோடது. செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் வீட்டுல நடக்கல. அம்மா ஒப்பாரி வைக்கல. ஊர் அழுது வழியனுப்பாத ஆளு எங்கதான் போவான்? தங்குறதுக்கு ஒரு இடம் வேணும்ல. வெதுவெதுன்னு ஒரு இடம். மாசானம் தரையிலருந்து எந்திரிச்சு ஒரு கல்லுல குத்தவச்சான். கல்லும் சூடாத்தான் இருந்துச்சு.

அம்மா இப்ப அண்ணனுக்குப் பொண்ணு பாத்துட்டா. அதுதான் இன்னைக்கு. சாத்தான்குளத்துல பூரணம்னு ஒருத்தி, புருசன் போயி வருசங்களாச்சு, தையல்கடை வச்சிருக்கா, தங்கமான பிள்ளை. பெரியவனுக்கு இனிமேலாவது ஒரு துணை வேண்டாமா. போன ஞாயித்துக்கிழமை அம்மா அதைக் கேட்டப்ப, மாசானம் "அது கெடக்கட்டும்மா"ன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தான். எத்தனையோ வருசமா அண்ணன் சொன்ன பதிலு, சுலபமான பதிலு, ரெண்டே வார்த்தை. வாயி, "சரிம்மா, பாரு"ன்னுச்சு. யாரு சொன்னது? அம்மாவை ஏமாத்தச் சின்னவன் சொன்னானா, ஆசைப்பட்டுப் பெரியவன் சொன்னானா? அந்தப்பக்கம் அம்மா சிரிச்சா, ஆஸ்பத்திரிக்கு முன்னால சிரிச்ச சிரிப்பு. உடனே வேலையை ஆரம்பிச்சுட்டா. இன்னைக்குக் காலையில மாசானம் அக்காவுக்குப் போன் போட்டப்ப அவ கத்துனா, அம்மாவைத் தடுக்க முடியலல, இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாராக, உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசவச்சுப் பூ வச்சு விட்டுருவாகளாம், நீ ஏதாவது பண்ணுன்னா. என்ன பண்ண? அண்ணன் குரல்ல வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா அம்மா அடுத்த பொண்ணைப் பாப்பா. சண்டை போட்டுட்டு ஓடிப்போன மாதிரி பண்ணலாம். பண்ணுனா அம்மா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. ஆமாம்னு சொன்னா, அந்தப் பூரணம் தலையில பூவை வச்சுக்கிட்டு ஒரு குரலை நம்பி உக்காந்திருப்பா. எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தி உள்ள உக்காந்திருக்கா. குரல் குரல்னு காதை வச்சுக்கிட்டு.

"கீய்ங்." இப்ப சத்தம் மெலிஞ்சுருச்சு. அலகு இடுக்குல வந்து நின்னுச்சு, போகல. தொறந்தபடியே இருந்துச்சு. மாசானத்துக்கு அடிவயித்துலருந்து ஒரு கொக் கிளம்பி மேல வந்துச்சு. நெஞ்சைத் தாண்டிருச்சு. பல்லைக் கடிச்சான். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டா அது கொஞ்சம் தூங்கும். தூங்கட்டுமே. தூங்குனா நல்லதுதான. இல்ல. தூங்குனாச் செத்துரும். ஆனா பாவமா இருக்கு. பாவமா இருக்குன்னுதான எல்லாரும் செஞ்சாங்க, தாங்கமாட்டா தாங்கமாட்டான்னுதான. யாருக்குத் தாங்காது? கூப்பிடாம இருக்கிறது இவ்வளவு கஷ்டம்னு மேடை ஏறின இத்தனை வருசத்துல அவனுக்குத் தெரியல. சத்தம் போடத்தான் கத்துக்கிட்டான். கண்ணுல தண்ணி வந்துச்சு, புகையாத்தான் இருக்கும். கீழ கடல்ல பொழுது இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. பாறை இடுக்குலருந்து உடும்பு ஒண்ணு வந்து அவன் காலை நக்கிப் பாக்குற மாதிரி நாக்கை நீட்டிட்டு, ருசியில்லைன்னு போயிருச்சு. அலகு உள்ள போச்சு. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் இல்ல. செத்துருச்சோ. நான் கூப்பிட்டிருந்தா... வாயைத் தொறந்தான். தொறந்த வாயோட அப்படியே நின்னான். டொக். மரத்துக்குள்ளருந்து. டொக். உலர்ந்த சேத்துல சுத்தியல் நுனியால தட்டுற மாதிரி. டொக், டொக். நிறுத்துச்சு. மூச்சு வாங்குது போல. மறுபடி டொக். இடுக்கோட ஓரத்துலருந்து விரல்கடை அளவுக்கு ஒரு செதில் பேந்து வேர்ல விழுந்துச்சு. மாசானம் அந்தச் செதிலைப் பாத்துக்கிட்டே இருந்தான். எடுக்கல.

மேடம் மேல ஏறி வர்றது சரளை சரியிற சத்தத்துல தெரிஞ்சுச்சு. கையில போன், சாயங்காலம் ஊருக்குப் பேசணும்னு அவன் கேட்டிருந்தது. என்ன ஆச்சுன்னு கண்ணாலயே கேட்டாங்க. அவன் மரத்தைக் காட்டுனான். டொக்குனு கேட்டதும் அவங்க முகம் மாறிப்போச்சு, அங்கயே உக்காந்துட்டாங்க. "ஆணு செத்துப்போச்சு மேடம். கயிறு கட்டுன பள்ளத்துல கிடக்கு. முந்தாநாளே பாத்தேன். பாத்தப்புறமும் நான் கூப்பிட்டேன்." எவ்வளவு சின்ன வாக்கியம். இதைச் சொல்லத்தான் ரெண்டு நாளா தொண்டையைக் கட்டிக்கிட்டு அலைஞ்சான். மேடம் கத்துவாங்கன்னு நினைச்சான். அவங்க கோபமாத்தான் பாத்தாங்க, ஆனா அந்தக் கோபம் பாதியிலயே வேற எங்கயோ போயிருச்சு. அவன் முகத்துல என்னத்தைப் பாத்தாங்களோ. "இப்பக் கூப்பிடாம இருந்தீங்கல்லங்"னு மட்டும் சொல்லி, போனை நீட்டுனாங்க.

மொட்டைப் பாறையில ஏறி நின்னான். மணி அடிச்சுச்சு. அந்தப்பக்கம் எடுத்த உடனே கூட்டத்தோட இரைச்சல், காப்பித் தம்ளர் சத்தம், ஒரு குழந்தை அழுகை. "ஏல சின்னவனே, நல்லாருக்கியா. எல்லாரும் வந்துட்டாக. அந்தப் பிள்ளையும் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. பெரியவன்கிட்ட குடுய்யா." மாசானத்தோட காலு தானா சரளையை உரசுச்சு. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. நிறுத்து. நிக்கல. மூணு. நாலு. செருமல் வந்து நாக்குக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, எப்பப் போகன்னு கேக்குது. அதை அப்படியே வச்சுக்கிட்டு, மூச்சை விட்டான். விட்டுட்டுச் சொன்னான்.

"அண்ணன் இல்லம்மா."

"எங்க போயிட்டான்? சாயங்காலம் போன் வரும்னு சொல்லிருந்தேன்லா."

தமிழ்ல இந்த இல்லை இருக்கே, அது ரொம்பத் தாராளம். கடைக்குப் போனவனும் இல்ல, குளிக்கப் போனவனும் இல்ல, சாம்பலாப் போனவனும் இல்ல. அம்மா முதல் கதவைத் தொறந்து விட்டுட்டா. இப்பக் கூட உள்ள போயிக்கலாம், அண்ணன் கரைக்குப் போயிருக்கான், நாளைக்கு வருவான்னு. செருமல் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு.

"எங்கயும் போகலம்மா. இல்லம்மா. போன மழைக்கு முன்னாலயே. லாஞ்சுக் கிடங்குல காத்து இல்லாமப் போயி... நாந்தான் கொள்ளி வச்சேன்."

அந்தப்பக்கம் இரைச்சல் உடனே நிக்கல. கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு, ஒவ்வொருத்தரா அம்மா முகத்தைப் பாத்து நிறுத்தியிருப்பாங்க. குழந்தை மட்டும் அழுதுச்சு. அக்கா குரல் ஓடியாந்துச்சு, குடும்மா, போனைக் குடு, அவன் கூறுகெட்டுப் பேசுதான். குடுக்கல போல. கண்ணாடி வளையல் போன்ல மோதுற சத்தம். அப்புறம் அம்மாவோட மூச்சு, காதுக்குள்ளயே. நெஞ்சைப் பிடிச்சிருப்பாளோ, சரிஞ்சிருப்பாளோ, கொன்னுட்டமோ. மாசானம் பாறையில உக்காந்துட்டான். அந்த மூச்சு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு இடத்துல நிதானமாச்சு. பேசுனப்ப அது அழுகுற குரலும் இல்ல, சீக்காளிக் குரலும் இல்ல. வரப்புத் தகராறுல கேள்வி கேக்குறவ குரல்.

"அப்ப இத்தனை நாளா எங்கிட்ட பேசுனது யாரு?"

"நாந்தாம்மா."

சொன்னப்புறம்தான் அவனுக்கே காதுல விழுந்துச்சு. எந்தக் குரல்ல சொன்னோம்? இழுத்துப் பிடிச்சுக் கேட்டுப் பாத்தான், சொன்ன வார்த்தை போயிருச்சு, காத்துல இல்ல. தம்பி குரல்தான். தம்பி குரல்னா எப்படி இருக்கும்? மேடம் தள்ளி எந்திரிச்சு நின்னு, அவனையும் அவனுக்குப் பின்னாலயும் மாறி மாறிப் பாத்தாங்க. போன்ல அம்மா இன்னும் இருந்தா.

"நாந்தான்னா? எந்த நான்?"